ட்ராக்டருக்குப் பவுடர் போட்ட சொட்டு மேஸ்திரி

ஒரு சொட்டு எண்ணெயை நாக்கில் தொட்டு வைத்து, அது எந்த எந்திரத்தின் எந்த மூலையிலிருந்து, எத்தனை நாளாக, யாருடைய அலட்சியத்தால் ஒழுகுகிறது என்று சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் பிறந்த ஊர் இரணியல். இதை மறுக்கிறவர்கள் எல்லாம் அவரைப் பார்க்காதவர்கள். பார்த்த பிறகும் மறுத்தவர் ஒரே ஒருவர். மதராஸிலிருந்து வந்த இன்ஜினியர். அந்த இன்ஜினியரின் வெள்ளைச் சட்டைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரணியல்காரரின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டுக்கே போய் அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். "பேரா? மேஸ்திரின்னுதான் எல்லாரும் விளிக்கியது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நெல் புடைக்கப் போய்விட்டாள். ஊர் அவரைச் சொட்டு மேஸ்திரி என்றது. யுத்தகாலத்தில் பர்மா எல்லையில் ராணுவ லாரிப் பட்டறையில் இருந்தவர். யுத்தம் முடிந்து திரும்பி வரும்போது மற்றவர்கள் கம்பளியும் டிரங்குப் பெட்டியும் கொண்டு வந்தார்கள். இவர் கொண்டு வந்தது ஒரே ஒரு குணம். எங்கே எது சொட்டினாலும் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

ஒருநாள் சுசீந்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிவன் கோயிலுக்குப் போயிருக்கிறார். லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் தொங்குகிறது. அதன் அடியில் இருக்கிற சிறு துவாரம் வழியாகச் சுவாமி சிரசில் சொட்டுச் சொட்டாக ஜலம் விழுகிறது. மேஸ்திரி கண்ணை மூடவில்லை, கும்பிடவில்லை. பாத்திரத்தையே பார்த்தபடி நின்றார்.

"போத்தியே, எத்தன நாளா இது லீக்கு?"

அர்ச்சகப் போத்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த மணி தானாக ஆடியதாம்.

"அபிஷேகம் வே அது!"

"அபிஷேகமா இருக்கட்டும். சாமிக்க தலையில ராப்பகலாச் சொட்டுகு. ஜலதோஷம் பிடிக்காதா? எறக்கித் தாரும், அரை மணிக்கூர்ல அடச்சுத் தாறேன்."

அன்று அவர் பிரசாதம் வாங்காமல் வெளியே வந்தார். போத்தி கொடுக்கவில்லை.

குழித்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மாப்பிள்ளை அழைப்புக் கார், பூமாலை எல்லாம் சுற்றி, நாகஸ்வரத்தோடு நிற்கிறது. மேஸ்திரி கஞ்சி போட்ட வேட்டியோடு சாப்பாட்டுப் பந்தலை நோக்கிப் போனவர், காருக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சொட்டைப் பார்த்துவிட்டார். விரலால் தொட்டார்; நாக்கில் வைத்தார். அடுத்த கணம் ஆளைக் காணோம். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு குரலும் வந்தது.

"மாப்பிளைய எறங்கச் சொல்லுங்க! இது சரிப்படாது! நான் சொன்னா சொன்னதுதான்!"

பெண்ணின் தகப்பனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சம்பந்தத்தில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பெண் வீட்டார் ஒரு பக்கமாகவும் பிள்ளை வீட்டார் ஒரு பக்கமாகவும் நின்று பேச ஆரம்பித்தார்கள். கால்மணி நேரம் கழித்து மேஸ்திரி வெளியே வந்து, ஒழுகுவது பிரேக் எண்ணெய் என்றும், ஆற்றுப் பக்கம் இறங்குகிற சரிவில் இந்தக் கார் மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கொண்டு போகாது, நேரே குழித்துறைத் தாமிரபரணிக்குத்தான் கொண்டு போகும் என்றும் விளக்கினார். டிரைவர் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை நடந்தே போய்த் தாலி கட்டினார்.

எப்போதும் வண்டிக்கு அடியில் கிடந்ததால் அவருக்கு மனிதர்களின் முகம் பழக்கமில்லை, பாதம்தான் பழக்கம். நான் எதிரில் போய் நின்று வணக்கம் சொன்னால் யாரோ என்று பார்ப்பார். "கம்பெனிக் குமாஸ்தா" என்று சொல்லி ஒரு காலை முன்னால் வைத்தால் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, நீயா மக்கா" என்பார்.

நான் அப்போது நாகர்கோவிலில் ட்ராக்டர் விற்கிற ஒரு கம்பெனியின் கிளையில் குமாஸ்தா. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாஞ்சில் நாட்டு வயல்களில் ட்ராக்டர் என்பது ஆனையைவிட அபூர்வமான பிராணி. கோயில் ஆனையையாவது திருவிழாவுக்குத் திருவிழா பார்க்கலாம்.

இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டில் ஒரு கிராமத்தில் அருணாசலம் பிள்ளை என்று ஒரு பெரிய விவசாயி. நாற்பது கோட்டை நெல் விதைக்கிற விதைப்பாடு நிலம், ஐந்து ஜோடி உழவு மாடு. நான் ஒரு மாசம் அவர் வீட்டுக்கு நடந்து, மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், ட்ராக்டருக்கு வேண்டாம்; மாட்டுக்குக் கோமாரி வரும், ட்ராக்டருக்கு வராது என்றெல்லாம் பேசி ஒரு சிவப்பு ட்ராக்டரை அவர் தலையில் கட்டிவிட்டேன். கட்டியது மட்டுமில்லை, "இனி மாடு எதுக்கு?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் ஐந்து ஜோடியையும் விற்றுவிட்டார்.

சித்திரையில் கன்னிப்பூ சாகுபடிக்கு அந்த ட்ராக்டர் ஜோராக உழுதது. பிறகு நாலைந்து மாசம் பயிர் வயலில் இருந்தது, ட்ராக்டர் கொட்டிலில் இருந்தது. அறுவடை முடிந்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தண்ணீர் விட்டார்கள். நாற்று தயாராக நிற்கிறது. தொழியடிக்க, அதாவது தண்ணீர் கட்டிய வயலைச் சேறாக உழுது கலக்க, ட்ராக்டரை வெளியே எடுத்தார்கள். அரைமணி நேரம்தான் ஓடியது. என்ஜினும் கியர்ப் பெட்டியும் சேருகிற இடத்துக்கு அடியிலிருந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. சொட்டு இல்லை, ஒழுக்கு. நூறு மணி நேரம்கூட ஓடாத புது வண்டி!

நான் போய்ச் சேர்ந்தபோது அருணாசலம் பிள்ளை வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவரது கையில் பழைய நுகத்தடி ஒன்று இருந்தது.

"வாரும் ஓய் குமாஸ்தா. உமக்காகத்தான் எடுத்து வச்சிருக்கேன். ஒரு பக்கம் நீரு நில்லும். இன்னொரு பக்கத்துக்கு உமக்க மானேஜரைக் கூட்டீட்டு வாரும்."

"பிள்ளைவாள், ஏதோ சின்னக் கோளாறா இருக்கும்..."

"சின்னக் கோளாறா? ஒரு வாரத்துல நடல்லேன்னா நாத்து முத்திப் போவும். இந்த நேரத்துல எவன் மாடு இரவல் தருவான்? அவனவன் வயலுக்கே மாடு பத்தல்ல. நான் ஊருக்கு முன்னால மாட்ட வித்துப்போட்டு நிக்கேன். நாளைக்கு டீக்கடையில எனக்க பேருதான் ஓய் பலகாரம்!"

அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

நல்லவேளையாக, அப்படித்தான் நினைத்தேன், கம்பெனியின் இன்ஜினியர் மதராஸிலிருந்து சுற்றுப்பயணமாக நாகர்கோவில் வந்திருந்தார். அன்று மத்தியானமே அழைத்துக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பாலீஷ் போட்ட பூட்ஸ். ட்ராக்டரைக் கொட்டிலுக்குத் தள்ளி வந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் குனிந்து ஐந்து நிமிஷம் பார்த்தார். நிமிர்ந்து, கைக்குட்டையால் கையைத் துடைத்தார். கை அழுக்காகவே இல்லை.

"பின்பக்கத்து சீல் போயிருக்கு. எண்ணெய் வெளியே வராம தடுக்கிற வளையம். என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் ரெண்டாப் பிரிக்கணும். சீல் மதராஸிலிருந்து வரணும். மூணு வாரம் ஆகும்."

அருணாசலம் பிள்ளை நுகத்தடியைத் தேடினார். நான் பஸ்ஸைத் தேடினேன். ஆனால் நாகர்கோவிலுக்குப் போகிற பஸ்ஸை அல்ல, இரணியல் பஸ்ஸை.

மறுநாள் காலை சொட்டு மேஸ்திரி வந்து இறங்கினார். தோளில் சாக்குப் பை. கக்கத்தில் சுருட்டிய ஓலைப்பாய். யாருக்கும் வணக்கம் இல்லை. நேரே போய் ட்ராக்டருக்கு அடியில் தரையில் தேங்கியிருந்த எண்ணெயை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நாகர்கோவிலிலிருந்து மறுபடி வந்திருந்த இன்ஜினியர் முகத்தைச் சுளித்தார்.

"கியர் எண்ணெ இல்ல. அதுக்கு அழுகின வெள்ளுள்ளி மணம் உண்டும். இது என்ஜினுக்க எண்ணெ" என்றார் மேஸ்திரி.

"அதைத்தானே நானும் சொன்னேன். பின்பக்கத்து சீல்" என்றார் இன்ஜினியர்.

"எண்ணெ எங்க சொட்டுகோ அங்க பொறந்திருக்கணும்னு நிர்பந்தம் உண்டா சாரே? மேல எங்கயாம் பொறந்து, ஊரெல்லாம் சுத்தி, கீழ வந்து விழும். மொதல்ல வண்டியக் குளிப்பாட்டணும்."

அவர் வண்டியைக் குளிப்பாட்டினார். அதுவும் எப்படி! மண்ணெண்ணெயும் வைக்கோலும் வைத்து, தலைச்சன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி, இடுக்கு விடாமல் தேய்த்தார். பிறகு சுடுதண்ணீர். பிறகு பழந்துணி. பண்ணையாட்கள் இரண்டு பேர் துடைக்க வந்தார்கள்; அவர்கள் துடைத்த இடத்தை இவர் மறுபடி துடைத்தார். ட்ராக்டர் வாங்கிய அன்றுகூட அவ்வளவு பளபளப்பாக இல்லை. எல்லாம் முடிந்ததும் கையை நீட்டினார்.

"பவுடர்."

"என்ன பவுடர்?" என்றார் பிள்ளை.

"மொகத்துக்குப் போடுத பவுடர்."

பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். பிள்ளையின் மனைவி உள்ளேயிருந்து, "இந்த வீட்டுல எண்ணெ ஒழுகுத மொகம் ட்ராக்டருக்கு மட்டும்தான்னா நெனச்சாரு?" என்று கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்த வீட்டில் பவுடர் இருந்தது ஒரே ஒருவரிடம்தான். பிள்ளையின் மருமகள் பகவதி. கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். அவள் திருவனந்தபுரத்திலிருந்து வாங்கிய பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு தானே கொட்டிலுக்கு வந்தாள்.

"முழுசும் வேணுமா அண்ணாச்சி?"

"கொஞ்சம் மிச்சம் வரும்" என்றார் மேஸ்திரி. வரவில்லை. என்ஜினின் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் வெள்ளையாகத் தூவி முடித்தார். கொட்டில் முழுக்கத் தாழம்பூ வாசனை. ட்ராக்டர் கதகளிக்கு வேஷம் கட்டின மாதிரி நின்றது. இன்ஜினியர் இரண்டு தடவை தும்மினார்.

"இனி ஸ்டார்ட் பண்ணு."

என்ஜின் ஓடியது. மேஸ்திரி பாயை விரித்து அடியில் படுத்தார். பத்து நிமிஷம் அசையவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நான் காலைத் தட்டினேன். உள்ளேயிருந்து, "கம்பெனிக் குமாஸ்தா, மாறி நில்லு, வெளிச்சம் மறைக்குகு" என்றார். பிறகு எழுந்து வந்து, இன்ஜினியரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

"இன்னா பாரும். பின்னால பவுடர் நனஞ்சிருக்கு. உமக்க சீல். செரி. இங்க வாரும். முன்னாலயும் நனஞ்சிருக்கு. இன்னா, எண்ணெ அளவு பாக்குத கம்பி. அதுக்க சுத்தும் நனஞ்சிருக்கு. மூணு எடம். புது வண்டியில மூணு எடமும் ஒரே நாள்ல பேசி வச்சுக்கிட்டா கெட்டுப் போவும்?"

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று இடமும் அப்படியே நனைந்திருந்தன.

"சீல் ஒண்ணும் கெடல்ல. உள்ள இருந்து எண்ணெய யாரோ புடிச்சுத் தள்ளுகான். என்ஜின் ஓடும்ப அதுக்க வயித்துக்குள்ள காத்து நெறயும். அது வெளிய போறதுக்கு ஒரு வழி வச்சிருக்கான். அந்த வழி அடஞ்சு போச்சு. காத்து எங்க போவும்? சந்து பொந்து வழியா எண்ணெயத் தள்ளீட்டு வரும்."

"தியரி நல்லாயிருக்கு. நிரூபிக்க முடியுமா?" என்றார் இன்ஜினியர்.

"எண்ணெ ஊத்துத மூடி இன்னா இருக்கு. நீரே தொறந்து பாரும்."

இன்ஜினியர் குனிந்து, ஓடுகிற என்ஜினின் மேலிருந்த மூடியைத் திருகினார். மூன்றாவது திருகலில் மூடி கையை விட்டுத் தெறித்தது. உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்று எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு, புஸ்ஸென்று அவர் மார்பில் பாய்ந்தது. ஒரு கணத்தில் அந்த வெள்ளைச் சட்டை புலிவேஷமாகிவிட்டது. பண்ணையாட்கள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, இப்ப கீழ பாரும்."

மூடி திறந்து கிடக்க என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. அடியில் ஒழுக்கு சொட்டாகி, சொட்டும் தயங்கித் தயங்கி, கடைசியில் நின்றே போயிற்று. அந்த இன்ஜினியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகத்தில் எண்ணெய் வழிய, அவர் வண்டியைக் குளிப்பாட்டிய சேற்றில் வெள்ளைக் கால்சட்டையோடு முழங்கால் போட்டு உட்கார்ந்து நன்றாகப் பார்த்தார். பிறகு, "நான் சொன்னது தப்பு" என்றார். கம்பெனி உத்தியோகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அந்த வாக்கியத்தை யார் வாயிலும் நான் கேட்டதில்லை.

காற்று வெளியே போவதற்கு என்ஜினின் பக்கவாட்டில் வளைந்த குழாய் ஒன்று உண்டு. என்ஜினை நிறுத்தியதும் மேஸ்திரி அந்தக் குழாயை ஸ்பானரால் தட்டினார். கிண்ணென்று கேட்க வேண்டியது, மொத்தென்று கேட்டது. குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார்.

"மண்ணு. நல்லாக் குழச்சு அடச்சிருக்கு. ஆளு யாருன்னு தெரிஞ்சு போச்சு. குளவி! நாலு மாசம் வண்டி சும்மா கெடந்துதுல்லா? உள்ள கூடு கட்டியிருக்கு. ஒரு கம்பி தாரும், குத்தி எடுத்துப் போட்டா ஒரு நிமிட்டுல..."

"தொடாதேயும்!"

கூரை அதிரும்படி வந்த அந்தச் சத்தம் பிள்ளையின் மனைவியுடையது. அந்த அம்மாள் கொட்டிலுக்குள் ஓடி வந்து ட்ராக்டருக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நின்றாள்.

"குளவியா கூடு கட்டியிருக்கு? எங்க வீட்டுலயா? இன்னா கேட்டேளா, குளவி கூடு கட்டியிருக்காம்!"

அருணாசலம் பிள்ளையின் முகமே மாறிவிட்டது. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளைப் பேறு உண்டாகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அந்தக் கூட்டை யாரும் கலைக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைக்காக இரண்டு வருஷமாக அந்த அம்மாள் போகாத கோயில் இல்லை.

"அம்மா, வீட்டுல கட்டல்ல. ட்ராக்டர்ல கட்டியிருக்கு" என்றேன் நான்.

"ட்ராக்டர் யாரு வீட்டுது? உம்ம வீட்டுதா?"

"கூட்ட எடுக்கல்லேன்னா வண்டி ஓடாது. வண்டி ஓடல்லேன்னா நடவு இல்ல" என்றார் மேஸ்திரி.

"இந்தப் பூவு போனா அடுத்த பூவு வரும்!" என்றாள் அம்மாள்.

நேற்றுவரை நாற்று முத்திப் போகும் என்று நுகத்தடியோடு அலைந்த பிள்ளை, இப்போது நாற்றங்காலையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஜினியருக்கு நான் விஷயத்தை விளக்கினேன். "இதற்கு எங்கள் புத்தகத்தில் வழி சொல்லவில்லை" என்றார் அவர்.

இத்தனைக்கும் நடுவில் பகவதி சுவரோரமாக, காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். யாரும் அவளிடம் பேசவில்லை. பண்ணையாட்கள்கூட ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள். மாமியார், "ஏட்டி, நீயே சொல்லு, கூட்டக் கலைக்கலாமா?" என்று கேட்டபோது அவள் தலை இன்னும் குனிந்தது. பிறகு மெதுவாக மேஸ்திரியிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அத ஒடைக்காம எடுக்க முடியுமா?"

மேஸ்திரி யாரிடமும் மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. வேலை நேரத்தில் யோசனை சொல்ல வந்த தாசில்தாரையே, "தள்ளி நில்லும்" என்றவர். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டார்.

"முடியும் மக்களே. நீ வெப்ராளப்படாத."

குழாயை என்ஜினோடு பிடித்திருந்தவை இரண்டே இரண்டு நட்டு. முட்டைக்கூடையைத் தூக்குகிற பதனத்தோடு அவர் அவற்றைக் கழற்றி, கூட்டோடு குழாயை அப்படியே வெளியே எடுத்தார். அதை இரண்டு கையாலும் ஏந்திப் பகவதியிடம் கொடுத்தார்.

"நெழல்ல தொங்கப் போடு. வாய் கீழ பாத்து இருக்கணும். உள்ள குஞ்சு இருந்தா அது தானாப் பொளந்து வரும்."

கூடு பிழைத்தது. ட்ராக்டர்? அதற்கு இப்போது குழாய் இல்லை. மேஸ்திரி கொட்டிலைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். மூலையில் பகவதியின் புருஷனுடைய சைக்கிள் நின்றது. அவன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அன்று மாமனார் வீட்டுக்கு ஏதோ விசேஷம் சொல்லப் போயிருந்தான். மேஸ்திரி போய் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்க வளைவு கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

"அய்யோ, மகனுக்க சைக்கிளுவே!" என்றார் பிள்ளை.

"யாருக்குப் பிள்ள பெறக்கப் போவுது? அவருக்குத்தானே? அவரும் ஒரு கை குடுக்கட்டும்."

ஒரு மணி நேரத்தில் ஹேண்டில்பாரின் ஒரு பாதி இரும்பறுக்கும் வாளால் அறுபட்டு, சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றி, கம்பியால் இறுக்கி, ட்ராக்டரின் விலாவில் ஏறியது. இனி எந்தக் குளவியும் உள்ளே போகாதபடி, அடுக்களையிலிருந்து சாயா அரிப்பை வாங்கி அதன் வலையை வெட்டி வாயில் கட்டினார். என்ஜினை ஓடவிட்டார்கள். மேஸ்திரி என்ஜின்மேல் நனையாமல் மிச்சமிருந்த வெள்ளைப் பவுடரில் ஒரு நனைவு வருகிறதா என்று அரைமணி நேரம் படுத்துப் பார்த்தார். வரவில்லை.

"கொண்டு போங்க வயலுக்கு."

அன்று மத்தியானம் ஆரம்பித்து ஐந்து நாளில் நாற்பது கோட்டை விதைப்பாடும் தொழியடித்து முடிந்தது. ஆறாம் நாள் நடவு. டீக்கடையில் அருணாசலம் பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து சாயா குடித்தார். வாத்தியார் மட்டும் அந்த மாசம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார்.

எனக்கு வந்த கஷ்டம் அறிக்கை எழுதுவதில். புது வண்டியின் உறுப்பு ஒன்றை ஏன் கழற்றினீர்கள், கழற்றியது எங்கே என்று மதராஸ் ஆபீஸ் கேட்கும். 'மேற்படி குழாய் தற்போது குளவியின் உபயோகத்தில் உள்ளது' என்று எழுதினேன். நம்புவார்களா என்று இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "நம்பமாட்டார்கள். இருந்தாலும் நானும் கையெழுத்துப் போடுகிறேன்" என்று பேனாவை எடுத்தார்.

குளவி கூட்டைப் பிளந்துகொண்டு பறந்து போயிற்று. பகவதிக்கு ஆண் குழந்தை பிறந்தது அதற்கு மூன்று போகம் கழித்து. குளவிக்கு இவ்வளவு தாமதம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் அந்தக் குழாயை மஞ்சள் துணி சுற்றிப் பூஜை அறையில் வைத்தாள். பகவதி ஒரு ஓலைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் கொடுத்து, மேஸ்திரியிடம் சேர்க்கச் சொன்னாள். நான் கொண்டுபோய்க் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். மேஸ்திரி பதறிப்போய் நாலு பக்கமும் பார்த்தார்.

"ஏலே மக்கா, நான் கொழா மட்டும்தான் மாட்டினேன். அத நல்லாத் தெளிவாச் சொல்லு எல்லாருட்டயும்."

சொன்னாரே தவிர, அந்தப் பெட்டியை வேறு யாரையும் தொட விடவில்லை. நாலு நாள் தனியாகவே தின்று தீர்த்தார் என்று அவர் மனைவி சொன்னாள்.

ஐம்பத்தாறில் நாங்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தோம். அந்தச் சமயத்தில் கம்பெனி என்னைக் கோயம்புத்தூருக்கு மாற்றியது. நாகர்கோவிலில் திருநெல்வேலி பஸ்ஸுக்குப் பெட்டி படுக்கையோடு நின்றேன். ஆபீசிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மானேஜர் ஒரு ரோஜா மாலை போட்டார். பஸ் கிளம்புகிற நேரம். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்போது கண்டக்டர் கத்தினான்:

"யாருவே அது அடியில? எழும்பும்வே! வண்டி எடுக்கணும்!"

பத்து நிமிஷம் பஸ் நின்றது. பிரயாணிகள் திட்டினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். முதல் பஸ் பிடித்து இரணியலிலிருந்து வந்த மனிதர், ஒரு நட்டை முடுக்கி, இன்னொன்றைத் தொட்டுப் பார்த்து, தன் வேலை முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். வெளுத்த வேட்டியும் முதுகும் கறுத்துப் போயிருந்தன. என்னைப் பார்க்கவில்லை. நேரே டிரைவரிடம் போனார்.

"ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டுத வரைக்கும் பைய போ. உள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்."

அவ்வளவுதான். என்னிடம், "போயிட்டு வா மக்கா" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தபடி நடந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் எனக்கு மாலை போட்டு வழியனுப்பியிருக்கிறார்கள். இரண்டொருவர் அழுததும் உண்டு. நான் ஏறப்போகிற வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியவர் அவர் ஒருவர்தான்.